அன்றைக்கு மஞ்சு இறங்கவில்லை

"மஞ்சு எறங்கிருச்சே தனம். பூடு எது, பல்லு எதுன்னே தெரிய மாட்டேங்குது" என்றாள் லட்சுமி மதினி.

கவுஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். என் அண்ணன் மனைவி. வயிற்றில் எட்டு மாதம். நடவுக்காகப் பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் பழைய ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர், காலில் முழங்கால் வரை ஏறிய கம்பளி சாக்ஸ். எங்கள் ஊர்ப் பெண்களைக் காலையில் பார்த்தால் மூக்கும் கண்ணும்தான் வெளியே தெரியும்.

நான் உள்ளே, ரசம் போன கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக் கோட்டின் காலரை நீவிக்கொண்டிருந்தேன். முதல் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஆமா மதினி, இந்த மாசம்னாலே இப்படித்தான்" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெயில். படிப்படியாக இறங்கும் தோட்டங்களில் கேரட் இலைகள் ஈரத்தோடு மினுங்கின. எதிர் மலையில் மேய்கிற மாட்டைக்கூட எண்ணிவிடலாம், அப்படி ஒரு தெளிவு. மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி ஒரு பொட்டுக்கூட இல்லை.

"எங்க மதினி மஞ்சு? பளிச்சுனு வெயில் அடிக்குது. தூக்கம் தெளியலையா உங்களுக்கு?"

மதினி சிரித்தாள். புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "நேத்துல இருந்து தலை வேற கிண்ணுனு வலிக்குது. பூடு நெடியா இருக்கும். நீ போ தனம், பஸ்ஸு போயிரும்."

நான் போனேன். ஐயோ, எவ்வளவு சுலபமாகப் போனேன்! மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து போக, ஜன்னலோரம் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் என்னை நானே நர்ஸ் தொப்பியோடு பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு தாயின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கிற ஓர் அம்மா எனக்கு எழுதியிருந்தார். மகள் பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள், நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள், எதில் சேர்க்கட்டும், எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். எனக்கு ஒரு வரியில் எதையும் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்விக்கு நான் என் வாழ்க்கையிலேயே முதலில் தப்பாகப் பதில் எழுதி, பிறகு அழித்து எழுதினவள். அழித்த தடம் இன்னும் தெரிகிறது. அதனால் இந்த வாரம் இதையே சொல்லிவிடுகிறேன்.

பூண்டுக் கணக்கு

எங்கள் ஊரில் வருடத்தை வருடமாக யாரும் எண்ணுவதில்லை. பூண்டாக எண்ணுவார்கள். ஒரு வருடத்துக்கு இரண்டு பூண்டு போகம். "கல்யாணமாகி நாலு பூடு ஆச்சு" என்றால் இரண்டு வருடம். "மூத்தவன் எட்டு பூடு" என்றால் பையனுக்கு நாலு வயது. இந்தக் கணக்கு எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. வெளியூர்க்காரர்கள்தான் முழிப்பார்கள்.

நான் பன்னிரண்டாவது முடித்தபோது அம்மா இல்லை. பத்தாவது படிக்கும்போதே தவறிவிட்டாள். அய்யா என் அப்பா, அவரை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். என்னை எப்படியாவது ஒரு நல்ல வேலையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊர் கூக்கால் மல்லிகா என் கூட்டாளி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஹாஸ்டல், ஒரே போர்வை. அவள் சயின்ஸ் குரூப். நான் இயற்பியலைக் கண்டாலே காய்ச்சல் வருகிற ரகம், அதனால் வரலாறு. அவள் மதுரைப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள். நாலு வருடம்.

"எட்டு பூடா?" என்று அய்யா வாயைப் பிளந்தார். "எட்டு பூடு படிச்சு எப்பத்தா ஊசி போடுறது?"

அப்போதுதான் சந்தைக்குப் போன ஒருவர் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். மலைக்குக் கீழே ஒரு ஊரில் ஒரு நர்சிங் நிலையம். எந்த குரூப் ஆனாலும் சேரலாம், ஒரே வருடம், வெள்ளைக் கோட்டு, டிப்ளமோ. அதில் ஒரு பெண் கையில் ஊசியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே பூடுதான? வெரசா முடிஞ்சிரும்ல" என்றார் அய்யா. எனக்கும் அது இனித்தது, அதை மறைக்க மாட்டேன். மல்லிகா இரண்டாவது வருடப் புத்தகத்தைத் திறக்கும்போது நான் நர்சாகி வந்து நிற்பேன். யார் கெட்டிக்காரி?

கோட்டு கொடுத்த ஏத்தம்

இரண்டு பூண்டு போனது. அந்த வருடம் இப்போது நினைவில் வெளிறிக் கிடக்கிறது. ஒரு மாடி அறை, இருபது பெஞ்சு, தலையணைக்கு ஊசி குத்திப் பழகியது, மடிப்புக் கலையாமல் படுக்கை விரித்தது. பி.பி. பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மேல் எண், கீழ் எண் இரண்டையும் அழகாக எழுதுவேன். அந்த எண்கள் என்ன சொல்ல வருகின்றன என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார் அய்யா. ஊரே என்னை நர்சம்மா என்றது. தலைவலி, காய்ச்சல், வாந்தி என்று ஆளுக்கொரு சோலியோடு வீட்டுக்கு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஏத்தத்திலேயே எட்டு பூண்டு, நாலு வருடம், ஊரிலேயே ஓடிவிட்டது.

பாக்கியம் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியின் கிராம சுகாதார நர்ஸ். புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும், பஸ் போகாத இடத்துக்கு நடந்தும் வருவார். சாதாரண நூல் சேலை, மேலே ஒரு ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. கோட்டு கிடையாது, தொப்பி கிடையாது. கர்ப்பிணிகளைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "சாக்ஸைக் கழட்டு."

அந்தக் குளிரில் யாருக்குக் கழற்ற மனம் வரும்? எல்லோரும் முணுமுணுப்பார்கள். அக்கா விட மாட்டார். கழற்ற வைத்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

ஒரு புதன்கிழமை அவர் வந்தபோது, ஏழு மாதக் கர்ப்பிணியான மதினி அடுப்பில் வேலையாக இருந்தாள். "அந்தக்கா வந்திருக்கு, போகணுமே" என்றாள்.

"அது எதுக்கு மதினி? நான் வீட்டுலயே இருக்கேன்ல" என்றேன்.

மதினி சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அடுத்த புதனும் போகவில்லை. நான் சொன்னால் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. என் நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும்.

நம்பர் எங்கே?

இன்டர்வியூவுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி பழைய கல் கட்டடம். நீள வராந்தா, பச்சை பெயிண்ட் அடித்த கதவுகள், ஓரத்தில் யூகலிப்டஸ் வாசனை. மேட்ரன் அம்மா என் ஃபைலைத் திறந்து, சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் எங்கம்மா?"

நான் பரீட்சை எழுதிய ஹால் டிக்கெட் நம்பரைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உட்காரு தனலட்சுமி. உனக்கு யாரும் சொல்லலை போல. நான் சொல்றேன், கேட்டுக்கோ. ஏ.என்.எம். ரெண்டு வருஷம். உங்க ஊருக்கு வர்ற வில்லேஜ் ஹெல்த் நர்ஸ் அப்படித்தான் படிச்சு வந்திருப்பாங்க. ஜி.என்.எம். டிப்ளமோ மூணு வருஷம். பி.எஸ்சி. நாலு வருஷம். ஜி.என்.எம். முடிச்சவங்க பின்னாடி ரெண்டு வருஷம் படிச்சு பி.எஸ்சி. வாங்கிக்கலாம். எந்த ரூட்ல வந்தாலும் கடைசியில ஸ்டேட் நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்டர்ல உன் பேர் ஏறணும். அந்த நம்பர் இருந்தாத்தான் நீ நர்ஸ்."

"என்னுது மேடம்?"

"உன்னுது எந்த ரிஜிஸ்டருக்கும் போகாதும்மா. உன்னைச் சேர்த்த இடத்துக்கு கவுன்சில் அங்கீகாரம் இல்ல. வார்டுல உதவிக்கு வேணும்னா வா. ஆனா கோட்டு போடக்கூடாது."

காதில் ஏதோ ஓசை அடைத்துக்கொண்டது. அவர் உதடுகள் அசைவது தெரிந்தது, சொற்கள் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் வெயில் சாய்ந்து கிடந்தது. நடந்தேனா, மிதந்தேனா என்று தெரியாது. ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவது? அதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை. அதைவிடப் பெரிய கவலை பத்தடி தூரத்தில் காத்திருந்தது.

வராந்தாவில் கேட்ட மூன்று கேள்விகள்

கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ் ஒவ்வொருவரிடமும் குனிந்து ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் ஒரே ராகம்.

"கால் வீங்குதா? தலைவலி இருக்கா? கண்ணு மங்கலா, முன்னாடி புகை மாதிரி தெரியுதா?"

அடுத்தவளிடமும் அதே. "கால் வீங்குதா? தலைவலி இருக்கா? கண்ணு முன்னாடி புகை மாதிரி தெரியுதா?"

அவள் மூன்றாவது பெண்ணிடம் கேட்கும்போது நான் நடப்பதை நிறுத்தினேன். வாசலில் சாக்கு. பூண்டுப் பல். 'மஞ்சு எறங்கிருச்சே தனம்.'

அன்றைக்கு மஞ்சு இறங்கவில்லை. அது மதினியின் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. வேறு எந்த ஊரிலாவது ஒருத்தி புகையாகத் தெரிகிறது என்றால் உடனே பதறியிருப்பார்கள். எங்கள் ஊரில் வருடம் பூராவும் புகையாகத்தான் தெரியும். அவளும் மஞ்சு என்று நினைத்தாள், நானும் ஆமாம் என்றேன்.

அண்ணனுக்கு போன் போட்டேன். தோட்டத்தில் சிக்னல் இல்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிற அந்தப் பெண் குரல்தான். அப்போது நினைவு வந்தது, அன்று புதன்கிழமை. பாக்கியம் அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"யாரு, தனமா? சொல்லும்மா."

தலைவலி, மஞ்சு என்று உளறிக்கொட்டினேன். அக்கா குறுக்கே ஒன்றுதான் கேட்டார். "சாக்ஸைக் கழட்டிப் பாத்தியா?"

"பாக்கலக்கா."

"சரி வையி. நான் உங்க ஊருப் பள்ளிக்கூடத்துலதான் இருக்கேன். இப்பவே போறேன்."

பச்சைக் கதவு

ஆம்புலன்ஸ் வந்து சேர மதியம் மூன்று ஆகிவிட்டது. அதற்குள் கொடைக்கானலில் நிஜமாகவே மஞ்சு இறங்கிவிட்டது. வராந்தாவுக்குள் அது தயங்கித் தயங்கி வந்து, தூண்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. எங்கோ சுற்றுலாக் குதிரையின் குளம்புச் சத்தம். காத்திருந்த அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. ஒரு பெஞ்சும், என் மடியில் அந்த ஃபைலும் மட்டும் ஞாபகம்.

ஸ்ட்ரெச்சரில் மதினியின் முகம் ஊதி, வேறு யாரோ போல இருந்தது. கால்கள் வெறுமையாகத் தெரிந்தன. சாக்ஸின் இறுக்கம் கணுக்காலில் ஆழமாகப் பதிந்து கிடந்தது. கூடவே அண்ணனும் பாக்கியம் அக்காவும் இறங்கினார்கள். அக்கா வரும் வழியிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டாக்டர் தயாராக நின்றார்.

மதினியின் கை துழாவி என் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. இரண்டு கையாலும் தேய்த்துவிட்டேன். பிரசவ அறைப் பச்சைக் கதவு வரை அப்படியே ஓடினேன்.

"சிஸ்டர், நீங்க எந்த ஹாஸ்பிட்டல்?" என்று உள்ளே இருந்த நர்ஸ் என் கோட்டைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முனகினாள். "அவ எங்க வீட்டு நர்சுங்க. உள்ள விடுங்க. அவ இருந்தா எனக்குப் பயமில்ல."

அந்தக் குரலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"நான் நர்ஸ் இல்ல மதினி" என்றேன்.

அவள் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு யாரோ மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டார்கள். "கவுஞ்சி வி.எச்.என்., கர்ப்பக் கார்டு என்கிட்ட இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாக்கியம் அக்கா ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கோட்டை மட்டும் பார்த்த ஊர் என்னைப் பெரியவள் என்றும் அவரைச் சின்னவர் என்றும் வைத்திருந்தது. கதவுக்குத் தெரிந்திருந்தது யார் யார் என்று. அது சாத்திக்கொண்டது.

நான் கோட்டைக் கழற்றி மடித்து, அந்த ஃபைலுக்கு அடியில் வைத்தேன். குளிர் முதுகில் ஏறியது. அண்ணன் தன் மப்ளரை எடுத்து என் தோளில் போட்டான்.

குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் கிடந்து தேறியது. ரத்த அழுத்தம் அவ்வளவு ஏறியிருந்தது, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் மதினிக்கு வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் மதினி, "இப்ப ஜன்னல் கம்பி தெரியுது" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

புதுப் பூண்டு

அய்யாவிடம் அந்த வார்டில் வைத்துத்தான் சொன்னேன். எல்லாவற்றையும்.

"அதான் படிச்சிட்டு வந்தியேத்தா?" என்றார் பாவமாக.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ. "புதுப் பூடைப் பிடுங்குன அன்னைக்கே நட்டா மொளைக்குமாய்யா? பரண்ல தொங்க விட்டு, புகை காட்டி, எத்தனை மாசம் காத்துக் கெடக்கீங்க! எனக்கு மட்டும் ஏன்யா அம்புட்டு அவசரம்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் சொன்னது நியாயமில்லை. அவசரம் எனக்கும் இருந்தது. அந்த நோட்டீஸ் பெண்ணின் சிரிப்பை நானும்தானே நம்பினேன். அய்யா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"மூணு வருசம்னா ஆறு பூடு" என்றார் கடைசியில். "பூம்பாறைக்காரங்க நர்ஸ் பொண்ணுன்னு சம்பந்தம் கேட்டு விட்டிருக்காங்களே, அவங்களுக்கு என்ன சொல்ல?"

"நர்ஸ் இல்லைனு சொல்லுங்க."

"இம்புட்டு வயசுக்கு மேல பள்ளிக்கூடத்துக்குப் போனா ஊரு சிரிக்கும்த்தா."

படுக்கையில் இருந்து மதினி பேசினாள். குரல் நூலாக வந்தது. "ஆறு பூடுதான மாமா? கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும். அவ போகட்டும்."

உயிர் போய் வந்தவள் சொல்கிறாள். பூம்பாறைக்கு அய்யாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் அதோடு சரி.

மேட்ரன் அம்மாவிடம் போய் நின்றேன். "எந்த ஸ்கூல்ல சேர்ந்தாலும், முதல்ல கவுன்சில் லிஸ்ட்ல அந்த ஸ்கூல் பேர் இருக்கானு பாரு. அப்புறம் அட்மிஷன் போடு" என்றார். எனக்கு எழுதிய அந்தத் தாய்க்கும் நான் சொல்வது இதைத்தான். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. எதுவானாலும் குறைவில்லை. மகளின் மார்க்கையும் மனசையும் பார்த்துச் சேருங்கள். பட்டியலில் பெயர் இல்லாத இடத்தின் வாசற்படி மட்டும் மிதிக்காதீர்கள்.

மல்லிகா மேடம்

ஜி.என்.எம். சேர்ந்த பள்ளி சமவெளியில். அந்த வெயில் இருக்கிறதே, அப்பப்பா! முதல் மாதம் முழுக்க நான் கனவிலேயே நடந்த மாதிரி இருந்தது. ராத்திரி மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி எங்கள் ஊர்க் குளிரை நினைத்துக்கொள்வேன்.

முதல் நாள் வகுப்புக்குள் டியூட்டர் வந்தார். நிமிர்ந்து பார்த்தால், கூக்கால் மல்லிகா!

எட்டு பூண்டு படித்தவள், பி.எஸ்சி. முடித்து அங்கேயே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள். நான் கடைசி பெஞ்சில், என்னைவிட ஐந்தாறு வயது சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து "குட் மார்னிங் மேடம்" என்றேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாலையில் மொட்டை மாடியில் வைத்து, "ஏ மல்லி, நீயெல்லாம் ஒரு மேடமா?" என்றேன்.

"கீழ வந்து அப்படிக் கூப்பிடு, இன்டர்னல் மார்க்கை வெட்டிவிடுறேன்" என்றாள். பிறகு நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். ஏன் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அவள்தான் எனக்கு பி.பி.யின் இரண்டு எண்களையும் மறுபடி சொல்லிக்கொடுத்தாள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் பற்றிய பாடம் வந்த அன்று, எடுத்துக்காட்டுச் சொல்ல என்னை எழுப்பினாள். நான் சொன்னேன். வாசல், பூண்டு, மஞ்சு. வகுப்பில் ஒருத்தியும் பேனாவை அசைக்கவில்லை.

அந்த மூன்று வருடத்திலும் என்னை விட்டுப் போகாத பழக்கம் ஒன்று உண்டு. மலைக்காரர்கள் நாங்கள் யாரைத் தொடுவதற்கு முன்னும் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்வோம். சில்லென்ற கையைப் பிள்ளை மேல் வைத்தால் திடுக்கிட்டுப் போகும். சித்திரை வெயிலிலும் நான் வார்டில் கையை உரசிக்கொண்டு நிற்பேன். "ஏம்மா, கையில கங்கு வச்சிருக்கியா?" என்று ஒரு பெரியவர் கத்தியே விட்டார். விட முடியவில்லை. அந்த ஸ்ட்ரெச்சரின் சில்லென்ற கை போகவே இல்லை.

ஆறு பூண்டு போனது. பெயர் ரிஜிஸ்டரில் ஏறியது. நம்பர் வந்தது. அய்யா அந்தத் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த பழைய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை எடுத்து அடுப்பில் போட்டார். புதுசை மாட்டவில்லை. "இது உங்கிட்டயே இருக்கட்டும்த்தா" என்றார்.

ஜன்னல்

இப்போது நான் அதே கல் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தப் பச்சைக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாத்துவேன்.

போன மழைக்கு முன்னால் மதினி இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். முதல் தடவை நடந்ததை நினைத்து, குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே படுக்கையில் சேர்த்துவிட்டோம். பாக்கியம் அக்கா ஒரு புதன்கூட விடாமல் பார்த்து, கர்ப்பக் கார்டு நிறைய எழுதி அனுப்பியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அழுதவளை அண்ணன் தூக்கிக்கொண்டு போனான்.

மதியம் ஓய்ந்த நேரம். வார்டில் எல்லோரும் கண் அயர்ந்திருந்தார்கள். நான் மதினிக்கு பி.பி. பார்க்க வந்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கழுத்து வரை கம்பளி, காலில் அதே முழங்கால் வரை ஏறிய சாக்ஸ்.

"தனம்."

"சொல்லுங்க மதினி."

"வெளிய ஒரே பொகையாத் தெரியுது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மஞ்சா, இல்ல என் கண்ணா? நீ பாத்துச் சொல்லு."

இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். அது போதவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். அதுவும் போதவில்லை. கொண்டியை நீக்கித் திறந்து, கையை வெளியே நீட்டினேன். ஈரம் விரலில் ஒட்டியது. யூகலிப்டஸ் மரம் இல்லை, மதில் இல்லை, ரோடு இல்லை. எல்லாம் மூடிக் கிடந்தது.

"மஞ்சுதான் மதினி. நிஜ மஞ்சு."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க தூங்குங்க, நான் என் சோலியப் பாக்குறேன்" என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, உள்ளங்கைகளை நன்றாக உரசிச் சூடாக்கிக்கொண்டு, அவள் சாக்ஸைக் கழற்றினேன்.